தோற்கச் சம்மதித்தவர்கள்

1985ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் தேதி நியூயார்க் நகரத்து மேடிசன் ஸ்கொயர் கார்டனில் முதலாவது ரெஸில்மேனியா விழா நடந்தபோது, ஆன்டிகுவா தீவிலே பிறந்த எஸ். டி. ஜோன்ஸ் என்னும் மல்லர், கிங் காங் பண்டி என்ற மலைபோன்ற மனிதரை எதிர்த்துக் கோதாவில் இறங்கி, மூலையில் ஒரு மோது வாங்கி, மல்லாந்து விழுந்து, அந்தப் பெரும் பாரம் முழுவதும் தம் மார்பின்மீது சரியத் தோற்றுப்போனார். ஒன்பதே விநாடியில் வெற்றி என்று அறிவித்தார்கள். கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஒளிப்பதிவைப் பார்ப்பவருக்கு, மணி அடித்ததிலிருந்து முடிவு வரையில் அதைப்போல் இரு மடங்குக்கு மேலாகவே ஆயிற்று என்பது தெரிந்துவிடும். தோற்ற மனிதர் எதிர்த்து நின்ற அந்தச் சொற்ப விநாடிகளையும் கணக்கிலிருந்து கழித்து, வென்றவருடைய கீர்த்தியில் வரவு வைத்துவிட்டார்கள்.

தொண்ணூறுகளின் முற்பகுதியில் கேபிள் தொலைக்காட்சி எங்கள் தெருவுக்கு வந்த நாள்தொட்டு இந்த மல்யுத்தத்தை விடாமல் பார்த்துவருகிற எனக்கு, தலை நரைத்த பின்னும் இந்தச் சபலம் போகவில்லையா என்று கேட்டு நகைக்கும் நண்பர்கள் ஏராளம். எல்லாம் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு போடுகிற சண்டைதானே என்பது அவர்களுடைய ஆக்ஷேபம். அதில் இரகசியம் ஒன்றுமில்லை. 1989ஆம் ஆண்டிலேயே, அரசாங்கத்தின் விளையாட்டுக் கட்டுப்பாடுகளிலிருந்து விடுபடும் பொருட்டு, இதை நடத்திவந்த அந்நாளைய டபிள்யூ. டபிள்யூ. எஃப். நிறுவனமே நியூ ஜெர்சி மாநிலச் செனட்டின் முன்னிலையில் இது போட்டியல்ல, கேளிக்கை என்று ஒப்புக்கொண்டுவிட்டது. ஆனால், நண்பர்கள் தங்கள் கேள்வியைப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். முடிவு முன்பே நிச்சயமாகிவிட்டது என்றால், இருவரில் ஒருவர், தாம் இன்றிரவு தோற்கப்போகிறோம் என்று அறிந்து, அதற்குச் சம்மதித்து, அதே மனத்தோடு ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் கோதாவுக்கு நடந்து வருகிறார் என்றும் ஆகிறதல்லவா? இத்தனை காலம் என்னை இதன் முன்னால் உட்காரவைத்திருப்பது வென்றவர்களின் பராக்கிரமமன்று, அந்தச் சம்மதந்தான்.

பையன்களாக இருந்தபோது எங்களுக்கு இது தோன்றவில்லை என்பது உண்மை. அந்நாளில் பள்ளிக்கூடத்துப் பின்வரிசைகளில் மல்லர்களின் படம் போட்ட டிரம்ப் கார்டுகள் கைமாறிக்கொண்டே இருக்கும். உயரம், எடை, மார்பளவு என்று வரிசையாக அச்சிட்டு, போட்ட சண்டைகள் எத்தனை, வென்றவை எத்தனை என்றும் அதிலே குறித்திருப்பார்கள். வென்ற தொகை பெரிதாயிருந்த சீட்டு எவனிடம் இருந்ததோ அவனே ராஜா. எஸ். டி. ஜோன்ஸைப் போன்றவர்களின் படத்தைச் சீட்டுக் கட்டில் தேடியவர் எங்களில் ஒருவருமில்லை.

வடதமிழ்நாட்டுத் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதக் கூத்து ஆடுகிறவர்களுக்கோ தோற்கிறவனுடைய அருமை நன்றாய்த் தெரியும். விடியற்காலையில் படுகளத்திலே சாகவேண்டிய துரியோதனன் வேஷத்தைக் கட்டுவதற்குக் கைதேர்ந்த கூத்தாடியைத்தான் தேடுவார்கள். அவன் இரவெல்லாம் கர்ஜித்துக் கிறுகிறுத்து ஆடினால்தான், பொழுது விடியும்போது பீமனுக்கு ஒரு பெருமை உண்டு. அவனைப் பார்த்து, ‘நீ நிஜமாகச் சாகவில்லையே’ என்று எந்தக் கிராமத்தானும் கேட்டதில்லை. அமெரிக்கக் கோதாவில் விழுகிற மனிதனிடம் மட்டும் நாம் ஏன் அந்தக் கேள்வியைக் கேட்கிறோமோ!

இத்தனைக்கும் அவன் நிஜமாகவே விழுகிறான். கோதா என்பது எஃகுச் சட்டத்தின்மேல் பலகை பரப்பி, மெல்லிய மெத்தை போட்டு, கித்தான் இழுத்துக் கட்டிய மேடை. அதன்மீது முதுகு முழுவதும் ஒரே சமயத்தில் படும்படி, மோவாயை மார்போடு ஒடுக்கி, மூச்சை வெளியே விட்டு, இரு கைகளாலும் தரையை அறைந்து விழவேண்டும். பின்மண்டை முதலில் பட்டுவிட்டால் அந்த மனிதனின் ஜீவனமே போய்விடும். விழுவதைக் கற்றுக்கொண்ட பிறகே இந்தக் கலையில் மற்றதையெல்லாம் கற்றுக்கொடுக்கிறார்கள். ஒருவன் மற்றொருவனைத் தலைக்குமேல் தூக்குவதாக நாம் பார்க்கிற காட்சியில், தூக்கப்படுகிறவன் தானே சற்று எம்பி, தன் பாரத்தைத் தூக்குகிறவனுடைய தோளுக்கு இசைவாக மாற்றிக்கொடுத்திருப்பான். அடுத்து என்ன செய்யலாம் என்று காதோடு காதாகச் சொல்லிக்கொள்வதும், பலமாக அடிபட்டுவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் கையை அழுத்திக் கேட்பதும், நலந்தான் என்று பதிலுக்கு அழுத்துவதும், அத்தனை ஆரவாரத்தின் நடுவே நடந்தவண்ணம் இருக்கும். விரோதத்தை அபிநயிக்கிற இருவர் ஒருவர் தேகத்தை மற்றொருவர் இப்படிக் காத்துக்கொள்வதைப்போன்ற பரஸ்பர விசுவாசத்தை, நண்பர்கள் என்று சொல்லிக்கொள்வோரிடத்தில்கூட நான் அதிகம் கண்டதில்லை.

இதன் சிகரமென்று நான் கருதுவது 1987ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் தேதி மிச்சிகன் மாநிலத்துப் பான்டியாக் சில்வர்டோமில் நடந்த மூன்றாவது ரெஸில்மேனியாவில், ஹல்க் ஹோகன் என்னும் மல்லரிடம் ஆந்த்ரே தோற்றதைத்தான். 93,173 பேர் கூடினார்கள் என்று நிறுவனம் அறிவித்தது. அவ்வளவு இல்லை என்று வாதிடுகிறவர்கள் இன்றைக்கும் வாதிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். பிரான்சு தேசத்தில் பிறந்து, வளர்ச்சிச் சுரப்பு அடங்காத வியாதியினால் ராட்சத உருவம் பெற்ற ஆந்த்ரேயின் எடை 520 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 236 கிலோ, என்று சொல்லப்பட்டது. பதினைந்து ஆண்டுகள் அவரை எவரும் வென்றதில்லை என்று விளம்பரம் செய்தார்கள். அது சுத்தப் பொய். 1984இல் மெக்சிகோவில் கனெக்கிடமும், 1986இல் ஜப்பானில் அந்தோனியோ இனோக்கியிடமும் அவர் தோற்றிருக்கிறார். ஹோகனே இந்த ஆட்டத்துக்கு ஏறக்குறைய ஏழாண்டு முன்பு அவரை ஒரு முறை தூக்கிப் போட்டிருக்கிறார். ஆயினும், அன்றைய ஆந்த்ரே வேறு. முதுகெலும்பில் சத்திர சிகிச்சை செய்துகொண்டு, உடுப்புக்குள்ளே இடுப்புப் பட்டை கட்டிக்கொண்டு, நடப்பதற்கே சிரமப்பட்ட நாற்பது வயது மனிதர் அவர். தமக்கு விருப்பமில்லாவிட்டால் பூமியில் யாராலும் தம்மை அசைக்க முடியாது என்பதை அவரும் அறிவார், ஹோகனும் அறிவார். ஆந்த்ரே தம்மைத் தூக்கவிடுவாரா மாட்டாரா என்று கடைசி நேரம்வரை தமக்கு நிச்சயமில்லை என்று ஹோகன் பிற்பாடு பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த முதுகோடு, அந்த வலியோடு, அவர் தம்மைத் தூக்கக் கொடுத்தார். ஒரு சகாப்தத்தின் ஜயக்கொடி ஹோகனுடைய கையில் ஏறியது. ஆறு வருஷம் கழியுமுன், தகப்பனாரின் மரணத்தை முன்னிட்டுப் பாரிஸுக்குப் போயிருந்த இடத்தில், 46ஆம் வயதிலே, ஆந்த்ரே உறக்கத்தில் காலமானார்.

அந்தக் காட்சியில் ஹோகனைப் பார்த்துக் கைதட்டியவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த வெற்றி ஹோகன் சம்பாதித்ததன்று, ஆந்த்ரே கொடுத்தது. இந்த உண்மை கோதாவோடு நின்றுவிடுகிறதா என்பதே என்னுடைய யோசனை. நான் வேலை பார்த்த காரியாலயத்தில் ஒரு முதிய தலைமை எழுத்தர் இருந்தார். புதிதாய் வந்த இளம் அதிகாரிகளுக்கு வேண்டிய குறிப்புகளையெல்லாம் அவரே எழுதி, அவர்கள் பெயரில் மேலே அனுப்பி, மேலிடத்தில் ஏதேனும் பிழை கண்டுபிடிக்கப்பட்டால் மாத்திரம், ‘அது என் கை எழுத்துங்க ஐயா’ என்று முன்னால் வந்து நிற்பார். அந்த அதிகாரிகளில் சிலர் பிற்காலத்தில் மிகவும் திறமைசாலிகள் என்று பெயர் எடுத்தார்கள். உலகத்தில் நாம் திறமை என்று கொண்டாடுகிறவற்றின் அடியில், தம் முறை வந்தபோது விலகிக்கொண்ட யாரோ ஒருவருடைய தேகப் பிரயாசை கிடக்கிறது என்று நான் நம்புவதற்கு ஆந்த்ரேயும் காரணம், அந்த எழுத்தரும் காரணம்.

எல்லாத் தோல்வியும் தியாகந்தான் என்று இதிலிருந்து சித்தாந்தம் பண்ணிவிடலாகாது. வாழ்நாளெல்லாம் ஒரு வாதத்திலும் வெல்லவிடப்படாத பெண்கள் நம் குடும்பங்களில் இருந்தார்கள். அவர்களை விட்டுக்கொடுத்தவர்கள் என்று புகழ்வது, பறித்தவர்களுக்குச் சௌகரியமான பேச்சு. கொடுக்கப்பட்ட தோல்வி ஒன்று, பிடுங்கப்பட்ட தோல்வி மற்றொன்று. கோதாவின் சரித்திரத்திலேயே இதற்குச் சாட்சி உண்டு. 1951இல் பிரேசிலில் ஹெலியோ கிரேஸியை வென்ற ஜூடோ மேதை மசாஹிகோ கிமுரா, 1954ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் தேதி டோக்கியோவில் ரிகிடோசான் என்னும் மல்லரை எதிர்த்து நின்றபோது, ஆட்டம் சமமாக முடியவேண்டும் என்பது இருவருக்கும் ஏற்பாடு என்றே நம்பி வந்தாராம். பாதியிலே ரிகிடோசான் மெய்யாகவே அறையத் தொடங்க, கிமுரா சுருண்டு விழுந்தார். ரிகிடோசானோ ஜப்பானின் தேசிய வீரராகவே கொண்டாடப்பட்டார்.

1997ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் தேதி மான்ட்ரியாலில் பிரெட் ஹார்ட்டுக்கு நேர்ந்ததும் அவ்வகையே. எதிராளி எவருக்கும் தம்மால் பலத்த காயம் உண்டானதில்லை என்பதையே தம் முதற்பெருமையாகச் சொல்லிக்கொண்ட மல்லர் அவர். அதே வருஷம் மார்ச்சில் ஸ்டீவ் ஆஸ்டினோடு அவர் ஆடிய ஆட்டத்தை நான் எத்தனை தடவை பார்த்தாலும் சலிப்பதில்லை. முகமெல்லாம் இரத்தம் வழிய, சரணடைய மறுத்து, மூர்ச்சையாகித் தோற்ற ஆஸ்டின் அன்றைக்கே மக்களின் நாயகராக எழுந்தார், வென்ற பிரெட்டைக் கூட்டம் வைதது. அப்படிப்பட்ட பிரெட்டோடு முந்தின ஆண்டில் எழுதிக்கொண்ட இருபது வருஷ ஒப்பந்தத்தை நிறைவேற்ற இயலாமல், போட்டி நிறுவனத்துக்குப் போய்க்கொள்ளலாம் என்று நிறுவனமே சொல்லிவிட்டது. போகிறவன் தோற்றுவிட்டுப் போகவேண்டும் என்பது இந்தத் தொழிலின் பழைய தர்மம். சொந்தத் தேசமான கனடாவில், ஷான் மைக்கேல்ஸிடம் மட்டும் தோற்கமாட்டேன் என்றார் பிரெட்; வேறிடத்தில், வேறு நாளில் தம்மிடமிருந்த பட்டத்தைக் கொடுத்துவிடச் சம்மதந்தான். கடைசி முப்பது நாளில் தம் கதையில் தமக்குச் சொல்லுரிமை உண்டு என்று ஒப்பந்தத்திலும் இருந்தது. அதையெல்லாம் சரி என்று தலையசைத்துவிட்டு, மான்ட்ரியாலில் மைக்கேல்ஸோடு ஆடிய ஆட்டத்தின் நடுவே, அவருடைய பிடியையே மைக்கேல்ஸ் அவர்மீது போட்ட தருணத்தில், அவர் சரணடையாமலே மணியை அடிக்கச் செய்தார் முதலாளி வின்ஸ் மெக்மஹான். பிரெட் கோதாவில் நின்றபடியே முதலாளியின் முகத்தில் உமிழ்ந்தார்.

பிரெட்டுக்கு அகங்காரம் இருந்தது என்பதை மறுக்கமாட்டேன். ஆந்த்ரே கொடுத்ததை அவரால் கொடுக்க முடியவில்லை. ஆனாலும் என் தீர்ப்பு அவர் பக்கமே. தோற்பதற்கு ஒருவனிடம் சம்மதம் கேட்கிறவரையில்தான் இது கலை; கேளாமல் எடுத்துக்கொண்டால் வெறும் மோசடி. இரண்டு வருஷத்துக்குப் பின் புதிய இடத்தில் கோல்ட்பெர்க் என்னும் மல்லரின் உதை ஒன்று தலையில் பட்டு மூளை அதிர்ந்து, பிரெட்டின் முழுநேர மல்யுத்த வாழ்வே முடிந்துபோயிற்று. இத்தனை பேருடைய தேகத்தைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தவருக்குத் தம் தேகம் அப்படித் திரும்பக் கிடைக்கவில்லை.

அவருடைய தம்பி ஓவன் ஹார்ட்டின் கதையை விஸ்தரிக்க எனக்கு மனமில்லை. 1999ஆம் ஆண்டு மே 23ஆம் தேதி, கான்சாஸ் நகரத்து அரங்கின் கூரையிலிருந்து கம்பியில் இறங்கும் வேடிக்கைக்காகக் கட்டப்பட்டிருந்த கொக்கி விடுபட்டு, கோதாவில் விழுந்து அவர் இறந்தார். அன்றிரவு நிகழ்ச்சி நிறுத்தப்படவில்லை. மிச்சமிருந்த ஆட்டங்களும் நடந்தன.

இப்படி விழுந்தும் தோற்றும் பெருஞ்செல்வத்தை உண்டாக்கியவர்களை, நிறுவனம் இன்றளவும் தன் ஊழியர்கள் என்று வைத்துக்கொள்வதில்லை. சுயேச்சையான ஒப்பந்தக்காரர்கள் என்றுதான் எழுதிக்கொள்கிறது. 1986ஆம் ஆண்டில், பின்னாளில் மினசோட்டா மாநிலக் கவர்னராக வந்த ஜெஸ்ஸி வென்ச்சுரா மல்லர்களைத் திரட்டிச் சங்கம் அமைக்கப் பார்த்தார், ஈடேறவில்லை. இன்றும் அவர்களுக்கென்று ஒரு சங்கம் கிடையாது. இந்த ஆட்டத்தைக் காசு கொடுத்துப் பார்க்கிற ரசிகர்கள், அடுத்த விழாவில் பட்டம் யாருக்கு என்று விவாதிக்கிற நேரத்தில் கொஞ்சத்தையாவது, தோற்பவர்களுடைய வைத்தியச் செலவுக்கும் முதுமைக் காலத்துக்கும் என்ன ஏற்பாடு என்று கேட்பதில் செலவிடவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.