தீயும் தீண்டாத வாய்மை

இறைவனின் பெயரால் தீர்ப்பு வழங்குபவர்கள் உண்மையில் இறைவனுக்காகத்தான் வழங்குகிறார்களா? 1431-ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டின் ரூவான் நகரில் நடைபெற்ற ஒரு வழக்கு இந்தக் கேள்வியை இன்றும் எழுப்புகிறது. அன்று விசாரிக்கப்பட்டவள் ஜோன் ஆஃப் ஆர்க். எழுதப் படிக்க அறியாத ஓர் உழவர் மகள். வயது ஏறத்தாழ 19.

தோம்ரெமி என்ற சிற்றூரில் பிறந்த ஜோன், 13 வயதளவிலேயே புனிதர்களின் குரலைக் கேட்டதாகக் கூறினாள். அது நூறாண்டுப் போர்க் காலம். 1420-ஆம் ஆண்டு உடன்படிக்கை, பிரான்சின் மணிமுடியை ஆங்கிலேய அரச குலத்துக்கு உரியதாக்கி, இளவரசர் சார்லஸின் உரிமையை மறுத்திருந்தது. 1429-இல் ஜோன் சார்லஸை நாடிச் சென்றாள். அவர் தரப்பு இறையியல் அறிஞர்கள் அவளைச் சோதித்து, அவளிடம் தீமை ஏதும் காணவில்லை என்றனர். அதே ஆண்டு மே மாதத்தில் ஆர்லியன்ஸ் நகரின் முற்றுகை விலகியது. ஜூலை 17 அன்று ரான்ஸ் நகரில் சார்லஸ் முடிசூடினார்.

மதமும் அரசியலும் பின்னிக்கொண்ட இடம் இதுவே. ஜோன் கேட்டது தெய்வக் குரல் என்றால், சார்லஸின் முடி இறைவன் அளித்தது. அது பேயின் குரல் என்று நிறுவிவிட்டால், அந்த முடியே களங்கமுற்றதாகிவிடும். எனவே 1430-இல் பர்கண்டிப் படையினரிடம் ஜோன் சிறைப்பட்டதும், ஆங்கிலேயர் 10,000 லிவ்ர் கொடுத்து அவளைப் பெற்றனர். ஆங்கிலேயரைச் சார்ந்திருந்த ஆயர் பியேர் கோஷோன் தலைமையில் சமய நீதிமன்றம் கூடியது. சமயக் குற்றம் சாட்டப்பட்டவளைத் திருச்சபையின் சிறையில் வைக்காமல், ஆங்கிலேயப் படைவீரர்களின் காவலில் விலங்கிட்டு வைத்தனர். சமய நீதிமன்றம் விடுவித்தாலும் அவளைத் திரும்பப் பெறும் உரிமையை ஆங்கிலேய அரசு முன்னதாகவே எழுதி வைத்துக்கொண்டது. அவளால் முடிசூடிய சார்லஸோ அவளை மீட்க முன்வரவில்லை.

இறையருள் தன்னிடம் இருப்பதாக அவள் நம்புகிறாளா என்று கற்றறிந்தோர் வினவினர். 'ஆம்' என்றால் செருக்கு. 'இல்லை' என்றால் குற்ற ஒப்புதல். அருள் இல்லையெனில் இறைவன் தருவானாக, இருப்பின் அதில் நிலைக்கச் செய்வானாக என்ற பொருளில் அவள் விடையளித்தாள். நூலறிவு விரித்த வலையைப் பணிவு எளிதாகக் கடந்தது.

ஆயினும் ஜோனும் மானிடப் பெண்ணே. மே 24 அன்று, எரியூட்டும் தண்டனையை எதிரே கண்ட அச்சத்தில், தன் கூற்றுகளைக் கைவிடுவதாக ஒப்புக்கொண்டாள். ஆனால் நான்கே நாட்களில், உயிருக்கு அஞ்சி உண்மையைக் கைவிட்டது பெரும் பிழை என்று அறிவித்தாள். அந்தச் சொல்லின் விலை மரணம் என்பதை அவள் அறிவாள். மே 30 அன்று, கண்முன் உயர்த்திப் பிடிக்கப்பட்ட சிலுவையை நோக்கி, இயேசுவின் நாமத்தை உரக்க அழைத்தபடி அவள் தீக்கு இரையானாள்.

1456-இல் மறுவிசாரணை அந்தத் தீர்ப்பைச் செல்லாததாக்கியது. அதற்கு முதலில் வழிசெய்தவர், ரூவானைக் கைப்பற்றியிருந்த சார்லஸ். தம் முடியின் களங்கத்தைத் துடைக்கும் தேவை அவருக்கும் இருந்தது! 1920-இல் திருச்சபை ஜோனைப் புனிதையாக அறிவித்தது.

கண்டித்த தீர்ப்பிலும் அரசியல் இருந்தது. விடுவித்த தீர்ப்பிலும் இருந்தது. அரசியல் கலவாதது ஒன்றே: அந்த நான்கு நாட்களுக்குப்பின் ஒரு பெண் தன் அந்தராத்மாவிடம் திரும்பியது. அஞ்சாதிருப்பது மட்டுமே வீரம் அன்று. அஞ்சி வழுவியபின் உண்மையிடம் மீள்வதும் வீரமே. சாதகனுக்கு இது பெரும் ஆறுதல். கூடவே ஓர் எச்சரிக்கையும் உண்டு. இறைவனின் பெயரைச் சொல்லிப் பிறரை எடைபோட முற்படும்போதெல்லாம், நம் உள்ளத்தில் அமர்ந்து தீர்ப்பு எழுதுவது இறைவனா, நமது நலனா என்று ஒருகணம் நம்மையே விசாரித்துக்கொள்வோமாக!