சூரைச் செடியின் கீழ்



இறைவாக்கினர் எலியா சூரைச் செடியின் கீழ் அமர்ந்து, தம் உயிரை எடுத்துக்கொள்ளுமாறு ஆண்டவரை மன்றாடினார் (1 அரசர் 19). வானதூதர் அவரைக் கண்டிக்கவில்லை. தட்டியெழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். மீண்டும் உறங்க விட்டார். இரண்டாம் முறையும் வந்து எழுப்பினார்.

2009இல் முள்ளிவாய்க்காலில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு இன்றும் இரவில் உறக்கமில்லை. தந்தையோ அந்த உறக்கத்தைக் கசிப்பில் தேடுகிறார். அவளை விசுவாசம் குறைந்தவள் என்றும், அவரைக் குடிகாரன் என்றும் சொல்லிவிடுகிறோம். (குருக்களாகிய நாங்களும் இதற்கு விலக்கல்ல.)

இவை நோய்கள். மனச்சோர்வுக்கு மருந்துண்டு, பலன் தெரியச் சில வாரங்கள் செல்லும், வைத்தியரைக் கேளாமல் இடையில் நிறுத்தலாகாது. நாள்தோறும் மிதமிஞ்சிக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, சிலவேளை உயிராபத்தும் நேரிடும். ஆகவே மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்து அன்றே குடியை விடச் செய்பவர்களே, முதலில் அவரை வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள். வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு அரசினர் வைத்தியசாலைகளில் மனநலச் சிகிச்சை உண்டு. வைத்தியரைப் படைத்தவரும் ஆண்டவரே என்கிறது சீராக் ஆகமம் (38). நேர்த்தியையும் விடவேண்டாம்.

வானதூதர் இருமுறை வந்தார். இரண்டாம் கிளினிக் நாளிலும் அவரோடு கூடப் போகிறவர் உங்கள் வீட்டில் யார்?