உட்கார்ந்த கல்

கோன்சோவில் என் முதல் நாளைக் கடிகாரம் தின்றுவிட்டது. "பன்னிரண்டு மணிக்கு வரச் சொல்கிறார்" என்று உதவிக்கு வந்த பையன் மொழிபெயர்த்தான். உச்சி வெயிலில் ட்ரைபாடைச் சுமந்துகொண்டு மலையேறிப் போனால், நான் படமெடுக்க வந்திருந்த, கல்சுவர் கட்டும் பெரியவர் வேலையை முடித்துவிட்டு நிழலில் படுத்திருக்கிறார். எத்தியோப்பியாவில் பொழுது விடிவதிலிருந்துதான் மணிக் கணக்கு. நம்முடைய காலை 7 மணி அங்கே ஒரு மணி. 6 மணி, பன்னிரண்டு. அடிஸ் அபாபாவில் இறங்கிய அன்றே யாரோ சொன்னார்கள், தலையாட்டினேன். உறைக்க ஒரு பகல் ஆயிற்று. உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய பாட்டன்மார் வழியில் வந்தவன் இதில் தடுமாறியது வெட்கம்தான்.

*

மார்ச் மழைக்கு முந்தைய வாரங்கள். தெற்கு எத்தியோப்பியாவின் இந்த மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாகக் கல்சுவர்கள். சாந்து கிடையாது. கல்லின் மேல் கல், இடுக்கில் சில்லு, அவ்வளவுதான். சில இடங்களில் ஆள் உயரத்தைத் தாண்டும். இங்கே மழை குறைவு. வந்தாலோ மண்ணை வாரிக்கொண்டு ஓடும். சுவர் அதன் வேகத்தை அடக்கும், மிஞ்சின நீரை இடுக்கு வழியே கசியவிடும். மண் தங்குகிறது, சோளம் விளைகிறது.

21 தலைமுறை, 400 ஆண்டுக்கும் மேல் தொடரும் வேலை என்று 2011-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்த 400 ஆண்டைப் படம்பிடிக்கத்தான் நானும் போயிருந்தேன். லென்ஸில் விழுந்தது, சரிந்த இடத்தைச் சரிசெய்யும் ஒருவரின் முதுகு.

*

மறுநாள் இருட்டோடு போனேன். கல்லைக் கையில் எடுக்கிறார். உடனே வைப்பதில்லை. இரண்டு மூன்று முறை திருப்புகிறார், எந்த முகம் கீழே போக வேண்டும் என்று. வைத்து, உள்ளங்கையால் அமுக்கிப் பார்க்கிறார். ஆடினால் எடுத்துவிடுகிறார், சலிப்பே இல்லை. ஒரு கல்லை ஆறு முறை எடுத்து வைத்தார். ஏழாவது முறை அமுக்கியபோது அடங்கின சத்தம் ஒன்று வந்தது, கதவு நிலையில் பொருந்துகிற மாதிரி. குழந்தைகள் மைக்கின் ரோம உறையை ஆட்டுக்குட்டி போலத் தடவிக்கொண்டிருந்ததில் அந்தச் சத்தம் பதிவாகவில்லை.

இன்னொரு முறை வைக்கச் சொல்லேன் என்றேன் பையனிடம். பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அது உட்கார்ந்துவிட்டதே" என்றாராம். அதற்குப் பிறகு அங்கே இருந்தவரை நான் யாரிடமும் இன்னொரு டேக் கேட்கவில்லை.

*

மதியம் முருங்கைக் கீரை! நம் முருங்கையின் ஒன்றுவிட்ட தம்பி. அடிமரம் பெருத்து, இலை சற்றுப் பெரிது. வீட்டைச் சுற்றியும் வயல் ஓரத்திலும் நிற்கிறது. சோள மாவை உருண்டை பிடித்துக் கீரையோடு வேகவைக்கிறார்கள். வாசனை ஒரு நொடி என்னை எங்கெங்கோ கொண்டுபோனது. இதைப் படத்தில் வைக்கக் கூடாது என்று அப்போதே குறித்துக்கொண்டேன். அது என் கதை, அவர்களுடையதில்லை.

*

ஓமோ பள்ளத்தாக்குக்குப் போகிற சுற்றுலா வண்டிகள் கோன்சோ வழியாகப் போகும். அந்தப் பள்ளத்தாக்கின் சில ஊர்களில் படம் எடுத்தால் காசு. கிளிக் சத்தத்தை எண்ணி வாங்குவார்கள். இதை இழிவாகப் பேசும் பயணிகளைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. ஏதோ எடுத்துக்கொள்ளப்படுகிறது என்று தெரிந்தவர்கள் கேட்கிற காசு.

ஆப்பிரிக்கர்களைப் பூச்சிகளைப் போலப் பார்க்கிறீர்கள் என்று 1965-ல் செனகல் இயக்குநர் உஸ்மான் செம்பேன், பிரெஞ்சு ஆவணப்பட இயக்குநர் ஜான் ரூஷின் முகத்துக்கு நேரே குறை சொன்னார். அந்தக் குறையைக் கேட்டுக்கொண்ட ரூஷ்தான் 1950-களில் நைஜர் ஆற்றங்கரையில் நீர்யானை வேட்டையை எடுத்து, எடுத்ததை வேட்டைக்காரர்களுக்கே போட்டுக் காட்டியவர். வேட்டைக் காட்சிக்கு அவர்களுடைய பாட்டையே பின்னணியாகச் சேர்த்திருந்தார். அதை எடுத்துவிடச் சொன்னார்கள்: சத்தம் கேட்டால் நீர்யானை ஓடிப்போகும். இந்தக் கதையை நினைக்கும்போதெல்லாம் என் பழைய படங்களின் புல்லாங்குழல் காதில் கேட்டுக் கூசுகிறது.

*

கடைசிக்கு முந்தின இரவு, எடுத்ததைக் கேமராத் திரையிலேயே போட்டுக் காட்டினேன். பேரப்பிள்ளைகள் தாத்தாவின் முதுகைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் தன்னைப் பார்க்கவே இல்லை. திரையின் ஓரத்தில் விரலை வைத்து, அங்கே ஏன் பனி மூட்டம் என்று கேட்டார். அழகுக்காக நான் பின்புலத்தை மங்கலாக்கியிருந்தேன். அடுத்த ஷாட்டில் அதே இடம் தெளிவாக வந்தது. கண்ணைச் சுருக்கி வெகுநேரம் பார்த்தார். பின்னாலிருந்த சுவர் வயிறு தள்ளிக்கொண்டிருந்தது. மூன்று நாள் அதைச் சட்டகத்தில் வைத்திருந்த என் கண்ணில் அது படவே இல்லை.

விடிகாலை பன்னிரண்டுக்கு நான் போனபோது அவர் அங்கே கல்லைப் பிரித்துக்கொண்டிருந்தார். கேமராவை ஓடவிட்டு, இடுக்குக்குச் சில்லு எடுத்துக் கொடுக்கப் போனேன். முதலில் கொடுத்ததைத் திருப்பிப் பார்த்து ஓரமாகப் போட்டார். அடுத்ததையும். பிறகு என் காலடியில் கிடந்த ஒன்றை அவரே குனிந்து எடுத்துச் செருகினார். இந்த முறை சத்தம் நன்றாகப் பதிவாகியிருக்கிறது. படத்தில் அவரை மறைத்துக்கொண்டு என் முதுகு.