நடுங்கினால்தான் தெரியும்

பூமிக்குள் மனிதர் தோண்டியதிலேயே ஆழமான துளை ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் இருக்கிறது. ஆழம் 12,262 மீட்டர். 1989-இல் அங்கே வந்து நின்றது. பாறையின் சூடு 180 டிகிரியைத் தொட்டதும் துரப்பணத்தால் மேற்கொண்டு போக முடியவில்லை. பூமியின் மையமோ 6,371 கிலோமீட்டர் கீழே. போன தூரம் ஐந்நூறில் ஒரு பங்குகூட இல்லை.

ஆனாலும் பள்ளிப் புத்தகத்தில் படம் இருக்கிறது: மேலோடு, கவசம், உருகிய வெளிக்கரு, திடமான உட்கரு. யாரும் போகாத இடத்துக்கு இவ்வளவு தெளிவான படம். அது கிடைத்த விதத்தை நினைக்கும்போதெல்லாம் மனம் கொஞ்சம் அடங்குகிறது. பூமி நடுங்கியது. ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து அதைப் படித்தார்.

*

அந்த ஒருவரின் பெயர் இங்கெ லேமன்; டென்மார்க்கைச் சேர்ந்தவர். 1929 ஜூனில் நியூசிலாந்தின் மர்ச்சிசன் பகுதியில் பெரிய நிலநடுக்கம். உலகின் மறுபுறம் ஐரோப்பிய, ரஷ்ய நிலையங்களின் சுருள்களில் அதன் அலைகள் பதிவாயின. அன்றைய கணக்குப்படி பூமியின் கரு முழுவதும் திரவம். அது அலைகளை வளைத்துவிடுவதால் சில தூரங்களில் எதுவும் வந்து சேரக் கூடாது. அங்கே மெல்லிய சில கோடுகள் வந்திருந்தன. மற்றவர்கள் அவற்றுக்கு வேறு சமாதானம் வைத்திருந்தார்கள்.

லேமன் நிலநடுக்கங்களின் விவரங்களை அட்டைகளில் எழுதி, ஓட்ஸ் வாங்கிய அட்டைப்பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்தாராம். தோட்டத்தில் புல்தரையில் மேசை போட்டு அவற்றோடு உட்கார்ந்திருந்ததை அவருடைய உறவினர் பின்னாளில் எழுதியிருக்கிறார். அந்தக் கோடுகள் ஏதோ ஒன்றில் பட்டுத் திரும்பியிருக்க வேண்டும் என்று லேமன் முடிவு செய்தார். திரவத்துக்குள்ளே இன்னொரு கரு. 1936-இல் வெளியான அந்தக் கட்டுரையின் தலைப்பு ‘பி’ என்ற ஒற்றை எழுத்தும் பக்கத்தில் ஒரு சிறு கீற்றும் மட்டுமே. உட்கருவின் ஆரம் ஏறத்தாழ 1,220 கிலோமீட்டர் என்று இன்று சொல்கிறோம். அதன் சூடு ஐயாயிரம் டிகிரியைத் தாண்டுகிறது. சூரியனின் மேற்பரப்புச் சூடும் ஏறக்குறைய அவ்வளவுதான். நாம் காலூன்றி நிற்கும் மண்ணுக்கு நேர் கீழே அப்படி ஒரு கனல். அங்கே இரும்பு உருகாமல் இருப்பதற்கு மேலிருந்து அழுத்தும் பாரமே காரணம்.

*

சூரியனைப் பற்றி எழுதும்போது தீ, ஜுவாலை, வெடிப்பு என்ற சொற்களே முதலில் வருகின்றன. அதன் மையத்தைப் பற்றி எனக்குப் பிடித்த உண்மை வேறு. ஒன்றரைக் கோடி டிகிரி சூடு, ஈயத்தைப்போலப் பதின்மூன்று மடங்கு அடர்த்தி. இவ்வளவு இருந்தும் அங்கே ஒரு கன மீட்டர் இடத்தில் பிறக்கும் ஆற்றல் முந்நூறு வாட்டுக்கும் குறைவு. அதே அளவு இடத்தை மனித உடல்களால் நிரப்பினால், சும்மா படுத்திருந்தாலே அதைவிட அதிக வெப்பம் வரும். சூரியன் நிதானமாக எரிகிறது. பெரிதாக இருப்பதால்தான் ஒளிர்கிறது. அந்த நிதானத்தால்தான் 460 கோடி ஆண்டு ஆகியும் இன்னும் பாதி எரிபொருள் மிச்சமிருக்கிறது.

மையத்தில் பிறந்த ஆற்றல் கதிர்வீச்சு மண்டலத்தில் துகளுக்குத் துகள் மோதி, திசை தெரியாமல் அலைந்து, வெளியே வரப் பல்லாயிரம் ஆண்டுகள் பிடிக்கின்றன. காலையில் முற்றத்தில் விழும் வெயில் எட்டு நிமிடம் முன்பு சூரியனை விட்டுப் புறப்பட்டது. அதன் ஆற்றல் மையத்தில் பிறந்த காலத்தில் இங்கே ஓர் ஊரும் இல்லை.

இதையும் ஒருவரும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. நிறமாலைக் கோடு சற்றே இடம் நகர்ந்தால் அங்கே வாயு நகர்கிறது என்று பொருள். அந்த வழியில்தான் 1909 ஜனவரியில் நம் கொடைக்கானலில் ஜான் எவர்ஷெட், கரும்புள்ளியிலிருந்து வாயு வெளிப்புறமாகப் பாய்வதைக் கண்டுபிடித்தார். அரை நூற்றாண்டு கழித்து கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சனில் ராபர்ட் லைட்டனும் குழுவினரும் அதே வழியில் பார்த்தபோது, சூரியனின் மேற்பரப்பு முழுவதும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குவது தெரிந்தது. உள்ளே அடைபட்ட ஒலி அலைகள்தான் காரணம் என்பது 1970-க்குப் பிறகு விளங்கியது.

இப்போது உலகின் பல இடங்களிலிருந்து அந்த ஏற்ற இறக்கத்தைக் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள். அவற்றில் ஒன்று உதய்ப்பூர். மையத்திலிருந்து ஆரத்தில் ஏறத்தாழ 71 சதவீதம் வரை கதிர்வீச்சு மண்டலம், அதற்கு மேலே கொதித்துப் புரளும் வெப்பச்சலன மண்டலம் என்று எல்லை போட்டுக் கொடுத்தவை இந்த அலைகள். புரளும் பகுதி நடுக்கோட்டில் 25 நாளிலும் துருவத்தருகே 35 நாளிலுமாகச் சுற்ற, அதன் அடியில் உள்ளது ஒரே திடப்பொருள்போலச் சேர்ந்து சுற்றுகிறது என்பதும் இப்படித் தெரிந்ததுதான்.

அந்த அலைகளுக்கு ஒரு பெரிய வழக்கில் சாட்சி சொல்லவும் நேர்ந்தது. அமெரிக்காவில் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தில் ரேமண்ட் டேவிஸ் பல ஆண்டுகள், சூரிய மையத்திலிருந்து வரும் நியூட்ரினோ என்ற நுண்துகள்களை எண்ணிவந்தார். கணக்குப்படி வரவேண்டியதில் மூன்றில் ஒரு பங்கே வந்தது. சூரிய மையத்தின் கணக்கே தப்பு என்று பலர் நினைத்தார்கள். அலைகளோ கணக்கு சரி என்றன. கடைசியில் கனடாவின் சட்பரி ஆய்வகம் 2001, 2002-இல் விடை தந்தது: நியூட்ரினோக்கள் வரும் வழியில் வகை மாறிவிடுகின்றன. சூரியன் குற்றமற்றது.

*

புதனில் இதுவரை ஓர் அதிர்வுமானியும் வைக்கவில்லை. அதன் சுழற்சியில் இருக்கும் மிகச் சிறிய தள்ளாட்டத்தை பூமியிலிருந்தே ரேடாரால் அளந்தார்கள். அவித்த முட்டையையும் அவிக்காத முட்டையையும் தரையில் சுழற்றிவிட்டால் வித்தியாசம் தெரிந்துவிடுமே, அதே தர்க்கம். உள்ளே உருகிய இரும்பு இருக்கிறது என்று 2007-இல் அறிவித்தார்கள். புதனின் ஆரத்தில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் கருவே. அது பெரும்பாலும் இரும்புக் கோளம்; மேலே ஒரு கல் போர்வை. கரு ஆற ஆற, கோள் சுருங்கி, அதன் மேல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குச் செங்குத்து மேடுகள் மடிந்து கிடக்கின்றன.

*

செவ்வாயில் 2018 நவம்பரில் இன்சைட் கலம் இறங்கி, அதிர்வுமானியைத் தரையில் வைத்து, காற்று படாதபடி மேலே மூடி போட்டுக் காத்திருந்தது. ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட நடுக்கங்கள் பதிவாயின. பெரும்பாலானவை நம் ஊரில் யாருக்கும் தெரியாமல் போகக்கூடிய அளவு சிறியவை. 2022 மே 4 அன்று மட்டும் 4.7 அளவில் ஒன்று. அதற்குள் சூரியத் தகடுகளில் தூசி படிந்து மின்சாரம் குறைந்துகொண்டே வந்தது. அந்தக் குறைந்த மின்சாரத்திலும் மற்றக் கருவிகளை நிறுத்திவிட்டு அதிர்வுமானியையே முடிந்தவரை ஓடவிட்டார்கள். அந்த முடிவு எடுத்தவர்கள் மேல் எனக்குப் பெரும் மரியாதை. டிசம்பரில் கலம் பேசாமல் போயிற்று. செவ்வாய்க்கு உருகிய இரும்புக் கரு உண்டு, அதைச் சுற்றி உருகிய பாறையும் ஓர் அடுக்காக இருக்கக்கூடும் என்பது அது விட்டுச்சென்ற பதிவுகளிலிருந்து கிடைத்தது.

*

மிச்சம் வெள்ளி. அளவிலும் எடையிலும் பூமிக்கு மிக நெருங்கிய கோள். தரையில் 460 டிகிரி சூடு, நம் காற்றழுத்தத்தைப்போலத் தொண்ணூறு மடங்கு. 1982-இல் இறங்கிய சோவியத் கலம் வெனேரா 13, 127 நிமிடம் தாங்கியது, அதுவே சாதனை. வெள்ளியின் கரு முழுதும் திரவமா, நடுவே திடமா, பூமிக்கு இருப்பதுபோல் காந்தப்புலம் ஏன் இல்லை என்ற கேள்விகள் அப்படியே கிடக்கின்றன. இஸ்ரோ திட்டமிட்டிருக்கும் வெள்ளிக் கலமும் சுற்றிவருவதற்கானதுதான், இறங்குவதற்கானது அல்ல.

அந்தச் சூட்டில் சாதாரண சிலிக்கான் சில்லு வேலை செய்யாது. சிலிக்கான் கார்பைடில் செய்த சிறு மின்சுற்றுகளை நாசாவில் வெள்ளியின் சூழலை உண்டாக்கிய கலனுக்குள் வைத்துப் பல வாரங்கள் ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். ஆகவே அங்கே நீண்ட நாள் தாங்கும் கருவியைச் செய்வது நடக்கக்கூடியதுதான். மின்னணுவியலோ பொருளறிவியலோ படிக்கும் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், அவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: வெள்ளியின் தரையில் ஓராண்டு உயிரோடு இருந்து கேட்கக்கூடிய ஓர் அதிர்வுமானியைச் செய்யுங்கள்.