பந்தயப் பட்டையும் நடுவழி என்னும் மயக்கமும்

கூரையை மடக்கித் திறக்கும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றில், அதைச் சாலையிலும் ஓட்டிக்கொண்டே, பந்தய ஓட்டுநர்களுக்குரிய ஹார்னஸ் என்னும் பட்டைத் தொகுப்பைப் பொருத்தலாமா என்பது பட்டறையில் தீர்க்கப்பட வேண்டிய கேள்வியாகத் தோன்றினாலும், ஒரு பொருளின் நன்மை அதனுள்ளேயே உறைகிறதா, அது சேர்ந்திருக்கும் முழுமையிலிருந்து அதற்கு வருகிறதா என்ற பழைய தத்துவச் சிக்கல் அதனடியில் கிடக்கிறது. மிலிந்த பஞ்ஹா என்னும் பாலி நூலில் நாகசேனர் என்ற பௌத்தத் துறவி, அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று மிலிந்த மன்னனிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு, உறுப்புகளின் சேர்க்கையைச் சார்ந்து வழங்கும் பெயரே தேர் என்று நிறுவுகிறார். தேருக்கு அவர் சொன்னது பாதுகாப்பு என்னும் பண்புக்கும் பொருந்துமா என்பதற்கு ஹார்னஸைவிட நல்ல உரைகல் கிடைப்பது அரிது.

வால்வோ நிறுவனத்தின் நில்ஸ் போலின் 1959-இல் அறிமுகப்படுத்திய மூன்று முனை சீட் பெல்ட், இடுப்பைச் சுற்றியும் ஒரு தோளின்மீது குறுக்காகவும் செல்வதால், மோதலின்போது மார்பும் தலையும் ஓரளவு சேர்ந்தே முன்னோக்கிச் செல்ல இடம் தருகிறது. ஹார்னஸோ, ஏறத்தாழ 75 மி.மீ. அகலமுள்ள பட்டைகளால் இரு தோள்களையும் இடுப்பையும் இருக்கையோடு இறுக்கிவிடுகிறது. உடல் நின்றுவிட, கட்டப்படாத தலை மட்டும் முன்னோக்கிப் பாய்வதால், அதன் வேகம் முழுவதையும் கழுத்தே தாங்க நேர்கிறது. பந்தய ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் 2001 பிப்ரவரி 18 அன்று டேட்டோனா பந்தயத்தில் மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்து இறந்தார். தலையையும் கழுத்தையும் தாங்கும் கருவியை நாஸ்கார் என்னும் கார்ப் பந்தய அமைப்பு கட்டாயமாக்கியது அதே ஆண்டு அக்டோபரில்தான். ராபர்ட் ஹப்பர்டும் ஜிம் டவுனிங்கும் 1980-களில் உருவாக்கிய ஹேன்ஸ் என்னும் அத்தகைய கருவி, ஹார்னஸின் தோள்பட்டைகளுக்கு அடியில் அமர்ந்து, ஹெல்மெட்டோடு வார்களால் பிணைக்கப்படுவது. ஹெல்மெட் இல்லையேல் அதற்கு வேலையே இல்லை. ஆக, ஹார்னஸ் ஹேன்ஸை வேண்ட, ஹேன்ஸ் ஹெல்மெட்டை வேண்டுகிறது.

இந்தத் தேவை பின்புறமாகவும் நீள்கிறது. தோள்பட்டைகள் ஏறத்தாழக் கிடைமட்டமாகப் பின்னோக்கிச் சென்று நங்கூரமிடப்பட வேண்டும். இருக்கைக்குப் பின்னுள்ள தரையில் அவற்றை மாட்டினால், மோதலின் இழுவை தோள்களைக் கீழ்நோக்கி அழுத்தி முதுகெலும்பை நசுக்கும். 1989-இல் வெளிவந்த மாஸ்டா மியாட்டாவைப் போன்ற இரு இருக்கைக் கார்களில் தோள் உயரத்தில் அப்படி மாட்டுவதற்கு இயல்பாக ஏதுமில்லாததால், கார் கவிழ்ந்தால் அதன் எடையைத் தாங்கும் ரோல் பார் என்னும் எஃகுச் சட்டத்தை முதலில் பொருத்தி, அதன் குறுக்குக் குழாயில் பட்டைகளைச் சுற்ற வேண்டியிருக்கிறது. அந்தச் சட்டமின்றிக் கவிழ்ந்தாலோ, நிமிர்ந்த நிலையில் கட்டுண்ட உடலின் உச்சியான தலையே தரையைச் சந்திக்கும். நான்கு முனை ஹார்னஸில் தொடையிடுக்குப் பட்டை இல்லாததால், தோள்பட்டைகள் இடுப்புப் பட்டையை மேலே இழுத்து, இடுப்பெலும்பிலிருந்து மென்மையான வயிற்றின்மேல் ஏற்றிவிடக்கூடும் என்பதும் இங்கே சேர்க்கத்தக்கது.

சாலைக்கும் பந்தயத்துக்கும் இடையில் பாதிப்பாதியாக நிற்பது மிதமான வழியன்றோ என்று வாதிடுவோர் உண்டு. நடுவழி என்ற சொல்லுக்கு இருக்கும் மதிப்பு இந்த வாதத்துக்கு எளிதாக வலுவூட்டுகிறது. ஆனால் புத்தர் கூறிய நடுவழி, உடலை வருத்தும் நோன்பில் பாதியும் இன்பநுகர்ச்சியில் பாதியும் எடுத்துச் செய்த கலவையன்று; அது தனக்கென எட்டு உறுப்புகளைக் கொண்ட வேறொரு முழுமை. அரிஸ்டாட்டிலும் நிக்கோமாக்கிய அறவியலில், ஒருவருக்குப் பத்து அளவு உணவு மிகுதி, இரண்டு குறைவு என்பதற்காகப் பயிற்சியாளர் ஆறு அளவை எல்லோருக்கும் விதித்துவிட மாட்டார், அது மல்லன் மைலோவுக்குப் போதாது, புதிதாகப் பயிற்சிக்கு வருபவனுக்கு மிகுதி என்கிறார். ஹார்னஸ் மட்டும் இருந்து மற்றவை இல்லாத கார் அத்தகைய எண்கணித நடு. சாலைக் காருக்கும் பந்தயக் காருக்கும் நடுவில் நிற்பதுபோல் தோன்றி, இரண்டையும்விடத் தாழ்ந்தது. சாலைச் சந்திப்பில் பக்கவாட்டில் திரும்பிப் பார்க்கவும் கைப்பிரேக்கை எட்டவும் முடியாமல், தோள்பட்டைகளை நான்கு விரல் நுழையுமளவு தளர்த்திக்கொண்டு ஓட்டும் ஓட்டுநரிடம், இறுக்கத்தால் மட்டுமே பயன்தரும் ஒரு கருவியின் பாரம்தான் மிஞ்சுகிறது.

சாலையில் கார் நிறுவனம் தந்த மூன்று முனை பெல்ட்டையும், பந்தயத் தடத்தில் ஹெல்மெட், ஹேன்ஸ் ஆகியவற்றோடு ஹார்னஸையும் மாற்றி மாற்றி அணிவது இதற்குச் சொல்லப்படும் விடைகளில் நேர்மையானது. ஒரே காரில் இரு முழுமைகளை முறைவைத்து நிறுத்துவதாக அதைக் கொள்ளலாம். ஆயினும் பட்டையைக் கழற்றுவதுபோல் ரோல் பாரைக் கழற்றிவைக்க இயலாது. தடத்தில் ஹெல்மெட்டுக்குப் பின்னே காவலாக நின்ற அதே எஃகுக் குழாய், சாலையில் கவசமற்ற தலைக்குச் சில அங்குலம் பின்னே நிற்கிறது. பின்னிருந்து வேறொரு வண்டி இடிக்கையில் இருக்கை பின்சாய்ந்தால் தலை சென்று மோதும் இடம் அதுவே. கடினமான நுரை உறையைச் சுற்றினால் அடி குறையுமே தவிர, ஹெல்மெட்டின் இடத்தை அவ்வுறை நிரப்புவதில்லை.