எளியோரின் தைரியம்

தைரியம் என்பது போர்க்களத்தில் வாளேந்தி நிற்பதே என்று உலகோர் பெரும்பாலும் எண்ணுகின்றனர். அங்ஙனமாயின் ஏர் பிடிப்போர்க்கும், தறி நெய்வோர்க்கும், பூத்தொடுப்போர்க்கும் அக்குணத்தில் பங்கில்லை என்றாகும். சாஸ்திரம் அவ்வாறு கூறவில்லை. ஸ்ரீமத் பகவத்கீதையின் 16ஆம் அத்தியாயத்தில் தெய்வீக குணங்களை வரிசைப்படுத்தும் கண்ணபிரான், அச்சமின்மையையே முதற்கண் வைக்கிறான். சத்தியமும் தயையும் அதன் பின்னரே வருகின்றன. அஞ்சுகிறவனிடத்தில் சத்தியமும் தயையும் சோதனை வரும்வரையிலேதான் நிலைத்திருக்கும் அன்றோ?

அச்சோதனை எவ்வடிவில் வரும்? நம் நெல்லைச் சீமைத் திவ்யதேசமான திருக்குறுங்குடியின் கைசிக மாஹாத்மியம் இதற்கு விடை தருகிறது. பாணர் குலத்தில் அவதரித்த நம்பாடுவான், கார்த்திகைச் சுக்லபக்ஷ ஏகாதசி இரவில் நம்பியைப் பாடச் செல்லும் வழியில் ஒரு பிரம்மரக்ஷஸின் கையில் அகப்பட்டார். பாடியபின் மீண்டு வந்து அதற்கு இரையாவதாகச் சபதம் செய்து சென்றார். திரும்புகையில் எம்பெருமானே முதியவராக எதிர்ப்பட்டு, உயிரைக் காக்கச் சபதத்தை மீறுதல் குற்றமாகாது என்று உரைத்தான். நம்பாடுவானுக்கு வந்த பெரிய சோதனை ரக்ஷஸின் பயமுறுத்தல் அன்று. நியாயம்போல் வந்த இச்சலுகையே. அதனை ஏற்காது சென்று ரக்ஷஸின் முன் நின்றார். முடிவில் தம் கைசிகப் பண்ணின் பலனை ஈந்து அதற்கும் நற்கதி அளித்தார். உடல்வலிமை ரக்ஷஸிடம் இருந்தது. தைரியமோ பாணரிடம் இருந்தது.

இது புராண காலத்தோடு முடிந்த செய்தியன்று. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் தென்பாண்டி நாட்டில் பெருமழை பொழிந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. பெய்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ், நவதிருப்பதிகளுள் ஒன்றான ஸ்ரீவைகுண்டத்தின் ரயில் நிலையத்தில் ஏறத்தாழ 800 பயணிகளுடன் நின்றுவிட்டது. தண்டவாளத்தின் அடியிலிருந்த ஜல்லி வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டிருந்தது. அருகிலுள்ள புதுக்குடி ஊரார், தாமே வெள்ளத்தின் நடுவில் இருந்தும், அப்பயணிகளுக்குச் சமைத்து அன்னமிட்டனர். தத்தம் வீட்டைக் காக்கும் வேலையோடு அவர்கள் நின்றிருந்தாலும் குறை கூறுவார் எவரும் இலர். அவர்கள் அச்சலுகையைக் கொள்ளவில்லை. நம்பாடுவான் காத்தது சத்தியம். இவ்வூரார் காத்தது தயை.

தன் உயிரையும் குடும்பத்தையும் காப்பதும் தர்மமன்றோ எனின், ஆம். ஆபத்தர்மம் என்று சாஸ்திரமே அதற்கு இடம் தந்துள்ளது. ஆயினும் வேறு வழியின்றி அதனைக் கொள்ளுகிறோமா, அச்சத்தை மறைக்கும் போர்வையாகக் கொள்ளுகிறோமா என்பதை அவரவர் நெஞ்சமே அறியும்.

அரியும் அரனும் ஒரே திருமேனியாய் விளங்கும் இச்சங்கரநயினார்கோவிலுக்கு வந்து விழாக் கண்டு ஊர் திரும்பும் அன்பர்களே! நம்மில் பலர்க்கு ரக்ஷஸும் பெருவெள்ளமும் எதிர்ப்படாமலே போகலாம். ஆனால் தராசு பிடிக்கும் பொழுதும், சாட்சி சொல்லும் பொழுதும், கொடுத்த வாக்கின் தவணை வரும் பொழுதும் தக்கதொரு சாக்கு நம் அருகில் வந்து நிற்கும். அதனை விலக்கி நடப்பதே எளியோரின் தைரியம். அத்திடத்தை எம்பெருமான் நம் அனைவர்க்கும் அருள்வானாக.