விபத்தும் பொறுப்பும்

வீதியில் நேரும் மரணத்தை ‘விபத்து’ என்கிறோம். எதிர்பாராதது என்பது கருத்து. ஆயின் அதன் காரணங்களோ எதிர்பார்க்கத்தக்கவை: மிகுவேகம், மதுபோதை, உறக்கக் கலக்கம், தேய்ந்த பிறேக். வேகம் இருமடங்காயின் வாகனத்தின் இயக்கசக்தி நான்கு மடங்காகும். உடலைச் சிதைப்பது அச்சக்தியே.

1976 இல் ஒழுக்கத்தில் தற்செயலின் பங்கை ஆராய்ந்த மெய்யியலாளர் தோமஸ் நேகல், பிறேக்கைப் பரிசோதியாத சாரதியொருவனை உதாரணங் காட்டினார். குறுக்கே குழந்தை ஓடிவரின் அவன் ஓர் உயிரிழப்புக்குப் பழி சுமப்பான். வராவிடின் கவனயீனத்துக்காகச் சிறிதே நொந்துகொள்வான். இரு நிலையிலும் அவன் செய்தது ஒன்றே.

அங்ஙனமாயின் பழியைக் குறைத்தல் தகுமா? தகாது. குற்றம் செயலைச் சார்ந்தது. ஈடுசெய்யுங் கடன் விளைவைச் சார்ந்தது. கடன் ஒருவனுக்கே உரியதாயினும் குற்றம் இருவருக்கும் பொது. சேதமின்றி வீடு சேர்ந்தவனும் குற்றமற்றவனல்லன்.

பொறுப்புச் சாரதியோடு முடிவதுமில்லை. ஓய்வின்றி ஓட்டப் பணிக்கும் உரிமையாளரும், விரைவுபடுத்தும் பயணியும் அதிற் பங்காளரே. மனிதர் தவறுவர், அத்தவறு உயிரைக் குடியாவண்ணம் வீதியை அமைத்தல் அமைப்போரின் கடன் என்பதைச் சுவீடன் பாராளுமன்றம் 1997 இல் கொள்கையாக ஏற்றது. விதியென்று கூறி விலகுவோர் இக்கடன்களையே மறுக்கின்றனர்.